பெனின் இ-விசா: ஐரோப்பிய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு எப்படி?

மேற்கு ஆப்பிரிக்காவில் ஐரோப்பியர்களுக்கான விதி நாட்டுக்கு நாடு மாறும். செனகல் 2015 மே மாதம் அவர்களுக்கு விசாவையே எடுத்துவிட்டது. ஐவரி கோஸ்ட்டுக்கு இணையத்தில் பதிந்து பணம் கட்டினாலும், அபிஜானில் இறங்கிக் கைரேகை வைத்த பிறகுதான் விசா கைக்கு வரும். பெனினில் விண்ணப்பம், கட்டணம், விசா எல்லாம் வீட்டில் இருந்தபடியே முடிகிறது. தூதரகப் படி ஏற வேண்டாம். தளம் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது, கேள்விகளும் சுற்றி வளைப்பதில்லை. குறை எங்கே என்றால், எதைத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்று அது எச்சரிப்பதில்லை.

ஒருமுறை நுழைவு 30 நாளுக்கு 50 யூரோ. பலமுறை நுழைவு என்றால் 30 நாளுக்கு 75, 90 நாளுக்கு 100. பலரும் 50-ஐத் தட்டிவிட்டு, பெனினின் பெரிய நகரமான கோட்டோனுவிலிருந்து டோகோ தலைநகர் லோமேவுக்கு ஒரு நடை போய்வரலாம் என்று கிளம்புகிறார்கள். தூரம் சுமார் 150 கிலோமீட்டர்தான். ஆனால் ஹில்லா-கொஞ்சி எல்லையைத் தாண்டியதுமே அந்த ஒருமுறை தீர்ந்துவிடும். திரும்பும் விமானம் கோட்டோனுவிலிருந்து என்றால், லோமேயில் உட்கார்ந்து புதிதாக விண்ணப்பிக்க வேண்டியதுதான். டோகோவுக்கு விசா தனி, அதையும் கிளம்பும் முன்பே வாங்க வேண்டும். பெனினுக்குள்ளேயே விதா, அபோமே ஊர்கள், கான்வியே ஏரிக் கிராமம் மட்டும் பார்ப்பவர்களுக்கு 50 யூரோவே போதும்.

படிவத்தில் கையைக் கடிப்பது பெயரும் எண்ணும். பாஸ்போர்ட்டின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கிறதே, அதில் உள்ள எழுத்துகளையே போடுங்கள். ஜெர்மன் பெயர்களில் தலைக்கு மேல் புள்ளி வைத்த 'யு', அங்கே 'யுஇ' என இரண்டு எழுத்தாக இருக்கும். ஜெர்மன் பாஸ்போர்ட் எண்ணில் 'ஓ' என்ற எழுத்தே வராது. வட்டமாகத் தெரிவது எப்போதும் பூஜ்யம். ஸ்கேனில் நான்கு மூலையும் தெரிய வேண்டும், பளபளப்பு அந்த இரண்டு வரியை மறைக்கக் கூடாது.

பணம் கட்டும்போது சில ஐரோப்பிய வங்கிகள் கார்டைத் தடுத்துவிடும். வங்கி ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டே கட்டுங்கள். பிழை காட்டினால், கணக்கில் பணம் போயிருக்கிறதா என்று பார்த்த பிறகே மறுபடி முயலுங்கள். தேடுபொறியில் மேலே வரும் இடைத்தரகுத் தளங்கள் இதே விசாவுக்குக் கூடுதல் பணம் பிடுங்குகின்றன. அரசுத் தளத்தின் முகவரி 'பிஜே' என்றுதான் முடியும். விசா மின்னஞ்சலில் வந்ததும் தேதிகளைச் சரிபார்த்து, காகிதத்தில் அச்செடுத்து வையுங்கள். விமான கவுன்ட்டரிலேயே கேட்பார்கள்.

விசாவோடு வேலை முடிவதில்லை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று, அதாவது அந்த மஞ்சள் புத்தகம், கட்டாயம். ஊசி போட்டு 10 நாள் கழித்தே அது செல்லுபடியாகும் என்பதால் கடைசி வாரத்தில் ஓடிப் பயனில்லை. அங்கீகாரம் பெற்ற மையத்தில் மட்டுமே போட முடியும், முத்திரையும் கையெழுத்தும் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். 60 வயதைத் தாண்டியவர்கள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். பழைய புத்தகத்தில் 10 ஆண்டு என்று போட்டிருந்தாலும் கவலை வேண்டாம். 2016 ஜூலை 11 முதல் அது ஆயுள் முழுக்கச் செல்லும்.