விண்கல் சான்றிதழ் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

விண்கல்லை வகைப்படுத்தித் தருவதாக ஆன்லைனில் விளம்பரம் செய்யும் ஒரு தனியார் ஆய்வகத்துக்கு என் கல்லை அனுப்பினேன். வந்தது ஒற்றைத் தாள்: 'எல்5 கான்ட்ரைட், சிதைவு நிலை டபிள்யூ1'. கான்ட்ரைட் என்றால் ஒரு கல் வகை விண்கல்; எல் அதன் பிரிவு, 5 அது வெப்பத்தால் மாறிய அளவு, டபிள்யூ1 என்றால் பூமியில் கிடந்து துருப்பிடித்தது கொஞ்சம்தான். கூடவே பெரிய முத்திரை. ஒலிவின் என்ற கனிமத்தில் ஃபயலைட், அதாவது இரும்புக் கூறு, எவ்வளவு என்ற எண் எங்கே என்று கேட்டால், "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது சார்" என்று பதில்.

புரியாமல் என்ன? சாதாரண கான்ட்ரைட்டை எச், எல், எல்எல் என்று பிரிப்பதில் முதலில் பார்ப்பதே அந்த எண்ணைத்தான். 16 முதல் 20 மோல் சதவீதம் வரை எச், 23-26 எல், 27-32 எல்எல். எலக்ட்ரான் கற்றையால் கனிமத்தின் கலவையை அளக்கும் மைக்ரோபுரோப் கருவியில் ஒலிவின் மணிகளை அளக்காமல் அது வராது. இவர்களோ வெட்டிய முகத்தைக் கண்ணால் பார்த்து, உலோகப் பொட்டுகள் குறைவு, எச்-ஐவிட எல்-லில்தான் உலோகம் குறைவு, ஆகவே எல் என்று எழுதிவிட்டார்கள். உலோகத்தைத் துரு தின்றிருக்கலாம் என்று யோசிக்கவே இல்லை!

டபிள்யூ1 கொடுத்த கதை இன்னும் மோசம். மேல்புறம் கறுப்பாகப் பளபளவென்று இருந்ததாம். பாலைவனத்தில் கிடந்த கல்லுக்குக் காற்றும் மணலுமே அந்தப் பளபளப்பைக் கொடுத்துவிடும். வ்லோட்ஸ்கா என்ற ஆய்வாளர் 1993-ல் வகுத்த இந்த அளவுகோல் வெளித்தோலைப் பார்ப்பதே இல்லை; மெருகேற்றிய வெட்டில் உலோகமும் ட்ரொய்லைட் என்ற இரும்பு சல்ஃபைடு கனிமமும் எவ்வளவு ஆக்சைடாகியிருக்கின்றன என்றுதான் பார்க்கும்.

பிறகு ஒரு பல்கலைக்கழகத்தில் முறையாகப் பார்த்தார்கள். ஒலிவின் எச் வரம்புக்குள் விழுந்தது. நுண்ணோக்கியில் வெள்ளையாக மின்ன வேண்டிய நிக்கல்-இரும்பு மணிகள் சாம்பல் நிற ஆக்சைடாகி, நடுவில் ஊசிமுனை அளவு உலோகம் மிச்சம். விரிசல்களெல்லாம் துரு நரம்பு. முடிவு: எச்5, டபிள்யூ3. அதாவது உலோகத்திலும் ட்ரொய்லைட்டிலும் 60 முதல் 95 சதவீதம் வரை போய்விட்டது.

அந்தத் தனியார் ஆய்வகத்திடம் வெட்டியெடுத்த துண்டைத் திருப்பிக் கேட்டேன். "சோதனையிலேயே தீர்ந்துவிட்டது" என்கிறார்கள். மைக்ரோபுரோப் வெட்டைத் தின்னாது. அளந்த பிறகும் கண்ணாடித் தகட்டில் அப்படியே இருக்கும். ஆக, அளக்கவே இல்லை. அதிகாரபூர்வப் பெயரும் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதைத் தருவது விண்கல் சங்கத்தின் பெயரிடல் குழு மட்டுமே. அதற்கு 20 கிராம் அல்லது கல்லின் 20 சதவீதம், எது குறைவோ அது, ஒரு சேகரிப்பு நிறுவனத்தில் இருக்க வேண்டும். இவர்கள் எங்கேயும் ஒப்படைக்கவில்லை.

ஃபயலைட், ஃபெரோசிலைட் (பைராக்சீன் கனிமத்தின் இரும்புக் கூறு) எண்கள், வெட்டின் நுண்ணோக்கிப் படம், மாதிரி எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்ற விவரம் மூன்றையும் தருவதாக எழுத்தில் வாங்காமல் யாருக்கும் கல்லை அனுப்பாதீர்கள். என் பணம் இன்னும் வரவில்லை.