புயல் கடந்த பின் பிளை தூண்டிலுக்கு எந்தக் கரை: வடமராட்சியா, தீவகமா?

புயல் விலகி, கடலுக்குச் செல்ல வேண்டாம் என்ற எச்சரிக்கையும் நீக்கப்பட்ட பிறகு, தூண்டிலை எடுத்துக்கொண்டு எந்தப் பக்கம் போவது என்ற கேள்வி எழுகிறது. யாழ்ப்பாண நகரிலிருந்து ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் சென்றடையக்கூடிய தூரத்தில் இயல்பால் வேறுபட்ட இரண்டு கடல்கள் இருக்கின்றன. பருத்தித்துறை, தொண்டைமானாறு என நீளும் வடமராட்சிக் கரை வங்காள விரிகுடாவின் அலையை வாங்குவது; பண்ணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, காரைநகர் ஆகியவற்றைச் சூழ்ந்த தீவகக் கடலோ பாக்கு நீரிணையின் ஆழங்குறைந்த நீருக்குள் ஒதுங்கிக் கிடப்பது.

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் பாரமே இரையைத் தூரத்துக்குக் கொண்டு செல்கிறது. பிளை (fly) தூண்டிலில் இறகும் மயிரும் கட்டிய இரையின் பாரம் மிகக் குறைவு; தடித்த வீச்சுக்கயிற்றின் பாரம்தான் அதை இழுத்துச் செல்ல வேண்டும். ஆகவே எதிர்க்காற்று இந்த முறையை மற்ற எந்தத் தூண்டிலையும்விட அதிகமாகப் பாதிக்கிறது. மேலும் இந்த இரைக்கு மணம் கிடையாது. மீன் பெரும்பாலும் கண்ணால் பார்த்தே அதைப் பிடிக்கிறது. காற்றின் திசை, நீரின் தெளிவு என்ற இவ்விரண்டையும் வைத்தே இரு கரைகளையும் ஒப்பிட வேண்டும் என்பது என் எண்ணம்.

பலர் கடல் அடங்கிய இடத்தைத் தேடித் தீவகத்துக்குப் போகிறார்கள். அடங்கிய கடல் வேறு, தெளிந்த கடல் வேறு. பாக்கு நீரிணையில் காற்று ஓடிவருவதற்கு நீண்ட வெளி இல்லாததால், காற்று விழுந்த ஓரிரு நாளில் அலையும் விழுந்துவிடுகிறது. ஆனால் ஆழமில்லாத அந்தச் சேற்றுத்தரை கலங்கினால், நுண்ணிய மண் எளிதில் படிவதில்லை. கடல்நீரேரியிலிருந்து வெளியேறும் மழைவெள்ளமும் அதனோடு சேர்ந்துகொள்கிறது. வடமராட்சியில் இது தலைகீழ். புயல் வெகுதூரம் போன பிறகும் அதன் நெட்டலை வந்துகொண்டேயிருக்கும். ஆயினும் அங்கே அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல்லும் பருமணலும் என்பதால், அலை தணிந்தவுடனேயே நீர் பச்சை நிறத்துக்குத் திரும்பிவிடுகிறது.

இதற்கு மேல் புயல் சென்ற பாதையையும் கவனிக்க வேண்டும். புயலைச் சுற்றிய காற்று நமது அரைக்கோளத்தில் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. 2020 டிசெம்பர் 2ஆம் திகதி இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறி மன்னார் வளைகுடாப் பக்கம் சென்ற புரெவியைப் போல, புயல் நமக்குத் தெற்கே போனால், குடாநாட்டில் கிழக்குக் காற்றும் தென்கிழக்குக் காற்றும் வீசும். அப்போது வடமராட்சியின் கிழக்குப் பக்கத்து மணற்காடு, நாகர்கோவில் கரைகளில் நிற்கவே முடியாது. தீவுகளின் மேற்குப் பக்கங்கள் மறைவாக இருக்கும். 2024 நவம்பரில் நமது கிழக்குக் கரையை ஒட்டி வடக்கே ஏறி, 30ஆம் திகதி புதுச்சேரிக்கு அருகே கரை கடந்த ஃபெங்கலைப் போல, புயல் வடக்கே ஏறிவிட்டால் காற்று மேற்குக்கும் தென்மேற்குக்கும் திரும்பும். வாடை மீண்டும் பிடிக்கும்வரை அந்தச் சில நாட்கள் வடமராட்சியில் காற்று நமது முதுகுப் பக்கமிருந்து கடலை நோக்கி வீசும். மார்கழி, தை மாதங்களில் முகத்தில் அறையும் வாடைக்குள் கயிறு வீசிக் களைத்தவர்களுக்கு அந்த இடைவெளியின் அருமை தெரியும்.

அந்த நாட்களில் நான் முதலில் பார்ப்பது தொண்டைமானாற்று முகத்துவாரத்தை. தடுப்பணைக் கதவுகள் திறக்கப்பட்டிருந்தால், உள்ளிருந்து வரும் தேநீர் நிற வெள்ளம் கடலுக்குள் விசிறிபோல் விரிந்து, ஓரத்தில் பச்சை நீரோடு ஒரு கோடாகச் சந்திக்கிறது. அந்தக் கோட்டில் நுரையும் சாதாளையும் சருகும் வரிசையாக மிதக்கும். தாழ்ந்த பாறையில் குனிந்து நின்று நீருக்குள் உற்றுப் பார்த்தால், வெந்நீரில் சீனிப்பாணி கரைவதுபோல ஒரு நெளிவு தெரியும். மேலே நன்னீரும் கீழே உப்புநீரும் இன்னும் கலக்காமல் உரசிக்கொண்டிருப்பதே அதற்குக் காரணம். வெள்ளத்தோடு அடித்துவரப்படும் மணலைக் குஞ்சுகளையும் இறாலையும் எதிர்பார்த்துப் பாரையும் கொடுவாவும் அந்த உப்புநீர்ப் படையில் காத்திருக்கின்றன. மிதக்கும் கயிறு கட்டியவரின் இரை மேல் நன்னீரிலேயே ஓடிவிடுகிறது. மெதுவாக அமிழும் கயிற்றை எறிந்து, பத்து எண்ணும்வரை பொறுத்து இழுத்தால்தான் இரை மீனின் கண்ணில் படும். கதவுகளுக்கு அருகில் மட்டும் நீரில் இறங்கக் கூடாது. முழங்கால் ஆழத்திலும் இழுவை ஆளைச் சாய்த்துவிடும்.

தீவகத்தின் பலம் வேறு வகையானது. பண்ணைத் தாம்போதியிலும் பொன்னாலைப் பாலத்திலும் புங்குடுதீவுத் தாம்போதியிலும், பரந்த நீர் முழுவதும் சில பாலத் துவாரங்களின் ஊடாகவே போய்வர வேண்டியிருக்கிறது. வற்று, பெருக்கு வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவான நமது கடலில் இப்படியான ஒடுங்கிய இடங்களில்தான் ஓட்டம் உருவாகிறது. புயல்மழையால் கடல்நீரேரி நிரம்பியிருக்கும்போது வற்று நேர ஓட்டம் இன்னும் வலுக்கிறது. சீலாவும் செம்பல்லியும் துவாரத்தின் நிழலில் நிற்கும். ஆனால் நீர் தெளிய வேண்டும். தடியின் நுனியால் வெள்ளை இரையொன்றை நீருக்குள் இறக்கிப் பார்ப்பேன். ஒரு முழத்துக்குள் அது மறைந்துவிட்டால் அன்று அங்கே வீசுவதில் பயனில்லை.

தீவகத்தில் இன்னொரு பொறுப்பும் உண்டு. புயல் சிறகுவலைத் தடிகளையும் கடலட்டைப் பண்ணை வேலிகளையும் சாய்த்திருக்கும். கலங்கல் நீரில் அவை தெரிவதில்லை. அவற்றின் உரிமையாளர்கள் தொழிலிழந்து நிற்கும் நாட்களில், மிஞ்சிய வலையில் நமது கொக்கி மாட்டுவதும் வேலிக்குள் நாம் கால் வைப்பதும் மிகவும் தவறு. திருக்கையும் அந்தத் தரையில்தான் கிடக்கும். ஆகவே அங்கே நீரில் இறங்காமல் தாம்போதி ஓரத்திலிருந்து வீசுவதையே விரும்புகிறேன்.

புயல் வடக்கே போயிருந்தால், நெட்டலை பாறைக்கு மேல் ஏறாத முதல் நாளே தொண்டைமானாற்றுக்குப் போவேன். ஒன்பதாம் எண் றொட்டும் (தடியின் எண் அது வீசக்கூடிய கயிற்றின் பாரத்தைக் குறிக்கும்), நாற்பது இறாத்தல் தாங்கும் தங்கூசியும், ஈயக்கண் வைத்துப் பச்சையும் வெள்ளையுமாகக் கட்டிய கிளவுசர் என்ற வகை இரையும் போதும். புயல் தெற்கே போயிருந்தால், காற்று மறைவு இருக்கிறது என்பதற்காக மூன்றாம் நாளே தீவகத்துக்கு ஓடாமல், நீர் தெளியும்வரை ஒரு வாரமாவது பொறுத்திருந்து, விடியலில் வற்று தொடங்கும் ஒரு நாளைப் பார்த்துப் பண்ணைக்குப் போவேன். அங்கே எட்டாம் எண் றொட் போதும். ஆனால் சீலாவின் பல்லுக்குத் தங்கூசி நில்லாது என்பதால் நுனியில் ஒரு சாண் கம்பி கட்ட வேண்டும்.