47க்கு 47: ஜாக் பிரிட்டனை எடைபோட்ட பேரேடு

ராணிப்பேட்டையில் ஒரு டேனரியின் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு இப்போது காட்பாடியில் ஓய்வாக இருக்கும் எனக்கு பேஸ்பால் பித்து பிடித்ததற்கு, பால்டிமோரில் குடியேறிய என் அண்ணன் மகன்தான் காரணம். அங்கே இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் கோடைகாலத்தில் நமக்கு விடியற்காலை 4.30 மணி ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸ் வருவதற்குள் பால்காரர் வந்து போயிருப்பார், ஊரை வெயிலூர் ஆக்கும் வேலையையும் சூரியன் தொடங்கியிருக்கும். 2016ஆம் ஆண்டு சீசனில் அந்த நேரத்தில்தான் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் ஜாக் பிரிட்டன் பந்தெறிய வருவார். முன்னிலையில் இருக்கும் அணி, எஞ்சிய மூன்று அவுட்களை எடுத்து ஆட்டத்தை முடித்துக் கொடுக்க அனுப்பும் ஆளுக்குக் குளோசர் என்று பெயர். பிரிட்டன் அந்த ஆண்டு 47 முறை அப்படி அனுப்பப்பட்டு, 47 முறையும் முடித்துக் கொடுத்தார்.

“சித்தப்பா, இதுக்கு மேல ஒரு குளோசர் சீசன் வந்ததே இல்ல” என்று அவன் இன்றைக்கும் அடித்துச் சொல்கிறான். அதைச் சரிபார்ப்பதற்காகப் பேஸ்பால்-ரெஃபரன்ஸ் என்ற இணையத் தளத்தில் நான் செலவிட்ட நேரம் கொஞ்சமல்ல. அந்தத் தளம் இந்த ஒரு வழக்கில் எவ்வளவு தூரம் கைகொடுத்தது என்பதே இந்த மதிப்புரை. பின்னர் ஃபிலடெல்ஃபியாவில் கணிதப் பேராசிரியராக இருந்த ஷான் ஃபோர்மன் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய தளம் இது. பேரேடு பார்த்துப் பழகியவனுக்கு முதல் பார்வையிலேயே பிடித்துப்போகும்: ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு பக்கம், ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு வரி, வரியின் மேல் நெடுக்குப் பத்திகள். ஒருவர் தம் லீகில் முதலிடம் பிடித்த எண் மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும்.

பிரிட்டனின் 2016 வரியைப் படிப்போம். 67 இன்னிங்ஸ் (மூன்று அவுட் சேர்ந்தால் ஓர் இன்னிங்ஸ்), 38 ஹிட் (மட்டையாளர் அடித்துவிட்டுப் பேஸ் சேர்ந்தவை; ரன் எடுக்கச் சுற்றிவர வேண்டிய நிறுத்தங்களே பேஸ்கள்), 18 வாக் (அடிக்காமலே இலவசமாக முதல் பேஸுக்குப் போனவை), 74 ஸ்ட்ரைக்-அவுட் (பந்தெறிபவர் தானே மட்டையாளரை வெளியேற்றியவை), ஒரே ஒரு ஹோம் ரன். தடுப்பாளர்களின் பிழையால் வந்தவை போக, அவர் கணக்கில் எழுதப்பட்ட ரன்கள் நான்கே நான்கு. 9 இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் விட்டுக்கொடுத்தார் என்று, அப்படிப் பிழையால் வந்தவற்றை நீக்கிவிட்டுப் போடும் சராசரிக்கு ஈ.ஆர்.ஏ. என்று பெயர், கிரிக்கெட்டின் எகானமி ரேட்டுக்குத் தூரத்துச் சொந்தம். பிரிட்டனுடையது 0.54. ஆட்டவாரிப் பட்டியலைத் திறந்தால், மே மாதம் தொடங்கி ஆகஸ்ட் வரை 43 ஆட்டங்கள் தொடர்ச்சியாக அந்த ரன் பத்தியில் சுழியம் நிற்பதைக் காணலாம். இத்தனை சுழியங்களை அடுக்கிக் காட்டும் பேரேட்டை டேனரியில் எவராவது என்னிடம் நீட்டியிருந்தால் உடனே தணிக்கைக்கு அனுப்பியிருப்பேன்.

புதிதாக வருபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இன்னிங்ஸ் பத்தியில் 82.1 என்று இருந்தால் அது தசமம் அல்ல, 82 இன்னிங்ஸும் ஓர் அவுட்டும், அதாவது எண்பத்திரண்டும் மூன்றில் ஒரு பங்கும். இது தெரியாமல் நான் கால்குலேட்டரில் போட்ட முதல் கணக்குகள் எல்லாம் தளத்தின் சராசரியோடு ஒட்டாமல் நின்றன, குற்றவாளி நான்தான்.

ஒப்பீட்டுக்கு முதலில் எடுத்தது, ஓக்லண்ட் அணியின் டென்னிஸ் எக்கர்ஸ்லி 1990இல் ஆடிய சீசன். 73.1 இன்னிங்ஸ், ஈ.ஆர்.ஏ. 0.61, 48 சேவ் (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துக் கொடுத்த முறைகள்). 73 ஸ்ட்ரைக்-அவுட்டுக்கு எதிரே வாக் பத்தியில் இருக்கும் எண் 4. ஒரு சீசன் முழுவதும் எதிரணிக்கு நான்கே முறை இலவசமாக முதல் பேஸைக் கொடுத்தவர் என்று பொருள். ஆனால் அந்த 48 தடித்த எழுத்தில் இல்லை. அதே ஆண்டில் சிகாகோ ஒயிட் சாக்ஸின் பாபி திக்பென் 57 சேவ் எடுத்து, 2008 வரை நிலைத்த சாதனையைப் படைத்தார். திக்பென்னின் ஈ.ஆர்.ஏ. 1.83. 65 வாய்ப்பில் 8 முறை முன்னிலையைப் பறிகொடுத்தவர் அவர். எக்கர்ஸ்லி பறிகொடுத்தது இரண்டு முறை. இருவரில் யார் மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, தடித்த எழுத்து என்ன சொன்னாலும்.

1969இல் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்ட இந்தச் சேவ் என்ற எண்ணிக்கையே வருகைப் பதிவேடு போன்றது. மூன்று ரன் முன்னிலையோடு, பேஸ்களில் ஒருவரும் இல்லாத நிலையில் ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு வந்து, இரண்டு ரன்னைக் கொடுத்துவிட்டு முடித்தாலும் ஒரு சேவ்தான். ஒரு ரன் முன்னிலையில் மூவரையும் ஸ்ட்ரைக்-அவுட் செய்தாலும் ஒரு சேவ்தான். எங்கள் டேனரியில் செலக்‌ஷன் மேஜையில் ஒவ்வொரு தோலையும் பகல் வெளிச்சத்தில் விரித்து, தடவிப் பார்த்து, முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிப்பார்கள். எத்தனை தோல் வந்தது என்ற எண்ணிக்கை லாரிக்காரருக்குத்தான் வேண்டும்.

தளத்தின் உண்மையான பெருமை, சீசன் வரிகளுக்குக் கீழே, ரிலீஃப் பிட்சர்களுக்கான (ஆட்டத்தின் நடுவில் இறக்கப்படும் பந்தெறிபவர்களுக்கான) தனி அட்டவணையில் இருக்கிறது. ஒருவர் பந்தெறிய வரும்போது முந்தைய பந்தெறிபவர் விட்டுச்சென்ற எதிரணியினர் எத்தனை பேர் பேஸ்களில் நின்றார்கள், அவர்களில் எத்தனை பேர் வீடு சேர்ந்து ரன் எடுத்தார்கள் என்பதை அது சொல்கிறது. இது ஏன் முக்கியம் என்றால், அப்படி வீடு சேரும் ரன் எல்லாம் முந்தையவர் கணக்கில்தான் எழுதப்படும். உள்ளே வந்தவர் மூவரையும் ஓடவிட்டாலும் அவருடைய ஈ.ஆர்.ஏ. மாசுபடாது. பழைய பாக்கியை வசூலிக்கத் தவறிய புதுக் கணக்கருக்கு நற்சான்றிதழ் தருவதற்கு ஒப்பான விதி. 1970களின் ரிலீஃப் பிட்சர்கள் ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸிலேயே நெருப்புக்குள் இறக்கப்பட்டவர்கள். இன்றைய குளோசருக்குப் பெரும்பாலும் பெருக்கித் துடைத்த ஒன்பதாவது இன்னிங்ஸ் கிடைக்கிறது. ஆட்டத்தின் எவ்வளவு நெருக்கடியான தருணத்தில் ஒருவர் வந்தார் என்பதற்கும் ஒரு பத்தி உண்டு. சராசரி நெருக்கடி 1 என்று வைத்து, அதற்கு மேலே கீழே அளக்கிறார்கள். ஆண்டுகளைக் கடந்து ஒப்பிடுவதற்கு ஈ.ஆர்.ஏ.+ என்ற பத்தி இருக்கிறது. அந்தந்த ஆண்டின் லீக் சராசரியையும் மைதானத்தின் தன்மையையும் கழித்துப் போட்டு, சராசரி ஆளை 100 என்று நிறுத்துகிறது. ஆட்டுத்தோலையும் மாட்டுத்தோலையும் ஒரே மேஜையில் போட்டுத் தரம் பிரிக்கக் கூடாது என்று தெரிந்தவர்கள் செய்த வேலை என்று இதைப் பார்த்ததுமே தோன்றியது.

அண்ணன் மகனோடு நான் முரண்படுவது லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் எரிக் கான்யே 2003இல் ஆடிய சீசனில். 55 வாய்ப்பு, 55 சேவ். அவரும் ஒரு முறைகூடப் பறிகொடுக்கவில்லை. 82.1 இன்னிங்ஸ், 20 வாக், 137 ஸ்ட்ரைக்-அவுட். ஈ.ஆர்.ஏ. 1.20 என்பது பிரிட்டனுடையதைப் போல இருமடங்குக்கும் மேல் என்று அவன் வாதாடுகிறான். உண்மைதான். ஆனால் ரன் வித்தியாசம் ஏழு. அந்த ஏழு ரன்னுக்கு ஈடாக கான்யே 15 இன்னிங்ஸுக்கு மேல் கூடுதலாக எறிந்திருக்கிறார். பிரிட்டனின் சிங்கர் பந்து தரையை நோக்கி இறங்குவது. மட்டையில் பட்டாலும் பெரும்பாலும் தரையில்தான் உருளும், உருளும் பந்தைப் பிடித்து எறியத் தடுப்பாளர்கள் வேண்டும். ஸ்ட்ரைக்-அவுட்டுக்கு எந்தத் தடுப்பாளரின் தயவும் தேவையில்லை. லீகின் சிறந்த பந்தெறிபவருக்குத் தரும் சை யங் விருது அந்த ஆண்டு கான்யேவுக்குக் கிடைத்தது. பிரிட்டன் தம் லீகின் 2016 விருது வாக்கெடுப்பில் நான்காவதாக வந்தார். என் தீர்ப்பு கான்யே பக்கம்.

அதைத் தீர்ப்பு என்று எழுதிய பிறகும் தளம் என்னை விடவில்லை. டெட்ராய்ட் டைகர்ஸ் பக்கத்துக்குப் போனால், 1984இல் 140.1 இன்னிங்ஸ் எறிந்து, 33 வாய்ப்பில் 32 சேவ் எடுத்து, சை யங் விருதையும் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் சேர்த்து வாங்கிய வில்லி ஹெர்னாண்டஸ் இருக்கிறார். அதே அணியில் அவருக்கு முன்னால் ஜான் ஹில்லர். 1971 ஜனவரியில், 27 வயதில், மாரடைப்பு வந்தவர், 1973இல் 125.1 இன்னிங்ஸ், 38 சேவ், ஈ.ஆர்.ஏ. 1.44. இந்தியாவில் திறந்த இதய அறுவைச் சிகிச்சையை 1961இல் முதன்முதலாக வெற்றிகரமாகச் செய்த மருத்துவமனையை ஊர் நடுவே வைத்திருக்கும் வேலூர்க்காரனுக்கு அந்த வரியைச் சும்மா கடந்துபோக முடியவில்லை. பிரிட்டனைப் போல ஏறத்தாழ இருமடங்கு வேலை அது. ஒரு சீசன் என்பதை ஓர் இன்னிங்ஸின் தூய்மையால் அளப்பதா, சுமந்த பாரத்தால் அளப்பதா என்பதற்குத் தளம் விடை சொல்வதில்லை. இரண்டுக்கும் பத்தி போட்டு வைத்திருக்கிறது, நமக்கு வேண்டியதை நாம் கூட்டிக்கொள்ளலாம்.

சீசன் வரி சொல்லாத ஒன்று உண்டு. 2016 அக்டோபர் 4 அன்று டொராண்டோவில் நடந்த வைல்டு கார்டு ஆட்டம், தோற்றவர் வீட்டுக்குப் போகவேண்டிய ஒற்றை ஆட்டம். 11 இன்னிங்ஸ் வரை இழுத்தது. ஓரியோல்ஸ் மேலாளர் பக் ஷோவால்டர் பிரிட்டனை இறக்கவே இல்லை. உபால்டோ ஹிமெனேஸ் எறிந்த பந்தை எட்வின் என்கார்னாசியோன் மூன்று ரன் ஹோம் ரன்னாக அடித்து, 5க்கு 2 என்று முடித்தார். பூட்டி வைத்த நல்ல சரக்குக்கு விலை ஏது என்று டேனரியில் சொல்வோம். இதைத் தேட அந்த ஆட்டத்தின் தனிப் பக்கத்துக்குத்தான் போகவேண்டும். போனால், இறங்கியவர் ஒவ்வொருவரும் எந்த நிலையில் வந்தார், ஒவ்வொரு பந்துக்காரர் மாற்றத்துக்குப் பிறகும் வெற்றி வாய்ப்பு எப்படி ஏறி இறங்கியது என்பதை வரி வரியாகப் பார்க்கலாம்.

பயன்படுத்துவோருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். எல்லாமே ஆங்கிலத்தில் இருக்கிறது, பத்தித் தலைப்புகள் சுருக்கெழுத்தில் இருக்கின்றன. தலைப்பின் மேல் சுட்டியை வைத்தால் விளக்கம் வரும். பத்திகள் முப்பதைத் தாண்டும் என்பதால் கைப்பேசியில் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், கணினியே வசதி. அட்டவணையை நகலெடுத்து எக்ஸெலில் ஒட்டிக்கொள்ள வழி தந்திருக்கிறார்கள். நான் எட்டு குளோசர்களின் வரிகளை அப்படி எடுத்து, பக்கத்திலுள்ள ஜெராக்ஸ் கடையில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். தளம் விளம்பரங்களோடு இலவசம். “ஈ.ஆர்.ஏ. 1.00க்குக் கீழ், 60 இன்னிங்ஸுக்கு மேல்” என்பது போல நிபந்தனை போட்டுத் தேடும் ஸ்டாட்ஹெட் என்ற பிரிவுக்கு மட்டும் சந்தா உண்டு. அதற்குப் பணம் கட்டலாமா என்று அண்ணன் மகனைக் கேட்டேன். நான் கான்யே பெயரைச் சுவரிலிருந்து கிழித்தால் தானே கட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். காகிதம் இன்னும் சுவரில்தான் இருக்கிறது.