அம்மாவின் பெட்டியும் பிரியாரிட்டி அட்டையும்

ஜூலையில் அம்மாவை லண்டனில் இருந்து சென்னைக்கு அழைத்துப் போனேன். மூட்டு மாற்று சிகிச்சை முடிந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. காலை நீட்டிப் படுக்க வேண்டுமே என்று பிசினஸ் கிளாஸ் எடுத்தேன். எங்கள் குடும்பத்தில் அதுதான் முதல் தடவை. வளைகுடாவில் இறங்கி வேறு விமானம் மாறும் டிக்கெட். நிறுவனத்தின் பெயர் வேண்டாம்.

இருக்கை, சாப்பாடு, அம்மாவைப் பணிப்பெண்கள் கவனித்துக்கொண்ட விதம் எதிலும் குறை சொன்னால் பாவம். நான் எழுத வந்தது பெட்டியைப் பற்றி.

லண்டன் கவுண்டரில் எங்கள் இரண்டு பெட்டிகளிலும் ஆரஞ்சு நிற பிரியாரிட்டி அட்டையை மாட்டினார்கள். அம்மாவின் நீலப் பெட்டியில் அடையாளத்துக்காகப் பழைய சுங்குடிச் சேலையில் கிழித்த துண்டு ஏற்கெனவே கட்டியிருந்தது. "இறங்கியதும் உங்கள் பெட்டிதான் முதலில் வரும்" என்று கவுண்டரில் இருந்த பெண் சொன்னார். அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

சென்னையில் பெல்ட் ஓடத் தொடங்கியதும் முதலில் வந்தது கயிறு கட்டிய ஓர் அட்டைப்பெட்டி. அப்புறம் போர்வை மூட்டைகள், டிவி பெட்டிகள். அறுபது வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன். வீல்சேர் தள்ளிவந்த தம்பிக்கு அடுத்த விமானத்துக்கு அழைப்பு வந்துகொண்டே இருந்தது. "அம்மாவை இப்படியே விட்டுட்டுப் போக மாட்டேன்க்கா" என்று கூடவே நின்றார். அம்மாவின் கணுக்கால் வீங்கி, செருப்பு வார் தோலில் பதிந்திருந்தது. "விடுடி, வந்துரும்" என்று என்னைத்தான் தேற்றினாள். முதல் பெட்டி வந்து 42 நிமிடம் கழித்துத்தான் சுங்குடித் துணி கண்ணில் பட்டது. ஆரஞ்சு அட்டை கசங்காமல் அப்படியே தொங்கியது.

ஏன் இப்படி என்று அங்கிருந்த ஊழியர் ஒருவரிடம் கேட்டேன். பொறுமையாக விளக்கினார். பெரிய விமானத்தில் பெட்டிகளை கன்டெய்னரில் போட்டு ஏற்றுவார்கள். பிரியாரிட்டி பெட்டிகளைத் தனி கன்டெய்னரில் வைத்து, அதை முதலில் இறக்கினால் வேலை முடிந்தது. போயிங் 737 போன்ற சின்ன விமானத்தில் கன்டெய்னர் கிடையாது. ஆட்கள் உள்ளே மண்டியிட்டுக் கையாலேயே அடுக்குவார்கள். கடைசியாக ஏற்றியதுதான் முதலில் வெளியே வரும். நாங்கள் வளைகுடாவில் ஐந்து மணி நேரம் காத்திருந்து ஏறியது அப்படி ஒரு சின்ன விமானம். சீக்கிரமே வந்து சேர்ந்த எங்கள் பெட்டிகளை முதலில் ஏற்றி உள்ளே தள்ளியிருப்பார்கள். அட்டையைப் பார்த்து ஒதுக்கிவைத்து, கடைசியில் ஏற்ற ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லையென்றால் அட்டை இருந்தும் பயனில்லை.

புகார் எழுதினேன். வருந்துகிறோம், முன்னுரிமை என்பது சூழ்நிலையைப் பொறுத்தது என்று பதில் வந்தது. சட்டமும் இதில் கைகொடுக்காது. சர்வதேச விமானப் பயணத்துக்கான மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி பெட்டி சேதமானால் 7 நாளுக்குள், தாமதமாகக் கைக்கு வந்தால் வந்த நாளில் இருந்து 21 நாளுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். அதே விமானத்தில் வந்த பெட்டி பெல்ட்டில் கடைசியாக வந்ததற்கு அதில் வழியில்லை.

எனக்கு ஆதங்கம் இதுதான்: காசு வாங்கும்போது "முதலில் வரும்" என்கிறார்கள், எத்தனை நிமிடத்தில் என்று சொல்வதில்லை. அமெரிக்காவில் அலாஸ்கா ஏர்லைன்ஸ், விமானம் கேட்டுக்கு வந்த 20 நிமிடத்துக்குள் பெட்டி வராவிட்டால் அடுத்த பயணத்துக்கு 25 டாலர் தள்ளுபடியோ, உறுப்பினர் கணக்கில் 2,500 பாயின்ட்டோ தருவதாக அறிவித்திருக்கிறது. அதுவும் சாதாரண வகுப்பில் வருபவர்களுக்கும் சேர்த்து. இந்தியாவில் 2024 பிப்ரவரியில் விமானப் பாதுகாப்பு அமைப்பான பிசிஏஎஸ், கடைசிப் பெட்டியே 30 நிமிடத்துக்குள் வந்துவிட வேண்டும் என்று ஏழு உள்நாட்டு விமான நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. எல்லாருக்குமே 30 நிமிடம் என்றால், மூன்று மடங்கு கட்டணம் கொடுத்தவருக்கு 42 நிமிடம் என்ன கணக்கு?

ஆகஸ்டில் திரும்பியது வேறு நிறுவனத்தில், பெரிய விமானம், நேரடிப் பயணம். அம்மாவின் பெட்டி இரண்டாவது, என்னுடையது ஐந்தாவது. அம்மா வீல்சேரில் இருந்து எட்டிப் பார்த்துக் கைதட்டினாள்.

முதல் நிறுவனத்துக்கு என் மதிப்பெண்: இருக்கைக்கு ஐந்துக்கு நான்கு, பெட்டிக்கு ஒன்று. வயதானவர்களுடன் போகிறவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே கடைசி விமானம் எந்த வகை என்று பார்த்துவிடுங்கள். சின்ன விமானமாக இருந்தால் மருந்தையும் ஒரு மாற்றுப் புடவையையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.