குளிர்பெட்டியும் இரண்டு உருளை ஆலையும்: ஐந்து வருட அனுபவம்

பிரிட்டனில் வீட்டில் பீர் காய்ச்ச 1963 முதல் உரிமம் தேவையில்லை. விற்கக்கூடாது, அவ்வளவுதான். லண்டனில் ஐந்து வருடமாக மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய தானியம், பெரும்பாலும் பார்லி) குழாய் பொருத்திய குளிர்பெட்டியில், அதாவது சூட்டையும் காக்கும் பிக்னிக் பெட்டியில், வெந்நீரில் ஊறவைத்துக் காய்ச்சுகிறேன். முதல் வருடம் முழுக்க, கிடைக்க வேண்டிய சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சக்கையோடு கொட்டிக்கொண்டிருந்தேன்.

நாலரைக் கிலோ மாரிஸ் ஆட்டர் என்ற பார்லி வகை மால்ட், 20 லிட்டர் வோர்ட், அதாவது மால்ட்டிலிருந்து வடித்த இனிப்புச் சாறு. சாற்றின் அடர்த்தியை அளந்து சர்க்கரையைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் 1.050ஐத் தாண்டியிருக்க வேண்டும், எனக்கு 1.042தான். கிடைக்கக்கூடிய சர்க்கரையில் ஏறக்குறைய 62 சதவீதம். பழியை ஸ்பார்ஜ் (மால்ட்டில் மிஞ்சிய சர்க்கரையை வெந்நீரால் அலசி எடுப்பது) மேல் போட்டு, சுழன்று நீர் தூவும் குழாய் ஒன்று வாங்கினேன். தண்டச் செலவு. தண்ணீர் ஓரமாக ஒரு வழியைப் பிடித்துக்கொண்டு இறங்க, நடுவில் இருந்த மால்ட் தித்திப்பாகவே கிடந்தது. அந்தக் குழாய் இப்போது ரோஜாச் செடிகளுக்கு.

கோளாறு அரைப்பில் இருந்தது. கடையில் அரைத்து வாங்கிய மால்ட்டை ஒரு நாள் வெள்ளைத் தட்டில் பரப்பினேன். கைப்பிடிக்கு ஏழெட்டு மணிகள் முழுசாக விழித்துக்கொண்டிருந்தன. உடையாத மணிக்குள் வெந்நீர் சரியாக இறங்காது. ஸ்டார்ச் சர்க்கரையாக மாறாமல் ஸ்டார்ச்சாகவே இருக்கும். சிறிய உருளை ஆலை வாங்கி, இடைவெளியை 1 மி.மீ. வைத்தேன். உள்ளே ரவைப் பதம், உமி கிழியக்கூடாது. அதிலேயே 70 சதவீதத்தைத் தாண்டியது. ஆசை யாரை விட்டது? 0.8க்கு இறக்கினேன். மாவு களிபோல் இறுகி, குழாயில் சொட்டுக்கூட வரவில்லை. இரவு பதினொரு மணிக்குக் கரண்டியோடு போராடினேன். இப்போது 1 மி.மீ.தான், கோதுமை மால்ட் சேரும் நாளில் இரண்டு கைப்பிடி நெல் உமி.

அடுத்தது தண்ணீர். லண்டன் நீரின் கடினத்தைக் கெட்டிலின் அடியில் பார்க்கலாம். வெளிர் மால்ட் மட்டும் போட்டால் மாஷின் (மால்ட்டும் வெந்நீரும் சேர்ந்த கூழ்) பிஎச் 5.8ல் நின்றது. லாக்டிக் அமிலம் சிறிது விட்டு 5.4க்குக் கொண்டுவந்தபின் இன்னும் சில புள்ளிகள் ஏறின. 66 டிகிரியில் ஒரு மணி நேரம். நடுவில் ஒருமுறை அடிவரை கிளறுவேன். கட்டி தட்டிய மாவு உள்ளே உலர்ந்தே கிடக்கும்.

ஸ்பார்ஜில் வித்தை எதுவும் இல்லை. முதல் வடிப்பு இறங்கியதும் 76 டிகிரி நீரை மொத்தமாக ஊற்றி, கிளறி, பத்து நிமிடம் விடுவேன். கலங்கலாக வரும் முதல் இரண்டு லிட்டரைத் திரும்ப மேலே ஊற்றிவிட்டு வடிப்பேன். இரண்டு வடிப்பும் ஏறத்தாழ ஒரே அளவு இருந்தால் நல்லது.

பெட்டியின் குறை, குழாய்க்குக் கீழே ஒன்றரை லிட்டர் தேங்குவது. பின்பக்கம் மரக்கட்டை முட்டுக் கொடுத்ததில் பாதி மீண்டது. இன்னொரு குறை என்னுடையது: 20 டிகிரிக்கு அளவிட்ட ஹைட்ரோமீட்டரைச் சூடான வோர்ட்டில் மிதக்கவிட்டேன். சூட்டில் அது குறைத்துத்தான் காட்டும். முதல் வருடக் குறிப்பேட்டில் நான்கு எண்களை அடித்துவிட்டேன்.

85 சதவீதத்துக்கு மெனக்கெடுபவர்கள் உண்டு. அரைக் கிலோ மால்ட்டின் விலைக்கு அத்தனை பாடு எதற்கு? கடைசிப் பன்னிரண்டு முறையும் 1.051க்கும் 1.053க்கும் நடுவில் நிற்கிறது. எனக்கு அது போதும். ஆலை வாங்குபவர்கள் அதன் கைப்பிடியை நம்பாதீர்கள். துளைக்கருவியை மாட்டி, மிக மெதுவாக ஓட்டுங்கள்.