கோத்தகிரியில் தைத்து, புன்னைக்காயலில் விரித்த பாய்: நான்கு வருட அனுபவம்

கோத்தகிரியில் எனக்கு ஒரு சின்ன தார்ப்பாய்க் கடை. காரட் லாரிக்கு மூடுபாய், தேயிலை பறிக்கிற பெண்கள் இடுப்பில் கட்டும் படுதா, ஊட்டிப் பக்கம் ஆடிக் காற்று கிழித்துப்போட்ட பசுமைக்குடில் ஷீட், இவைதான் பிழைப்பு. படகுக்குப் பாய் தைப்பேன் என்று நினைத்ததே இல்லை. அக்காவைக் கொடுத்தது புன்னைக்காயலில், தாமிரபரணி கடலில் சேருகிற இடம். அத்தானுக்கு 28 அடி ஃபைபர் படகு, 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின். 2021 கிறிஸ்துமஸுக்குப் போயிருந்தபோது பெட்ரோல் விலையைத் திட்டிக்கொண்டே கேட்டார்: "மாப்ள, எங்க அப்பா காலத்துல எல்லாம் பாய்தான். எஞ்சினுக்குக் கைகொடுக்கிற மாதிரி சின்னதா ஒண்ணு தச்சுத் தர்றியா?"

தைத்தேன். நாலு மூலைப் பாய், 8 சதுர மீட்டர். பாய்மரம் குட்டைச் சவுக்குக் கம்பு. வலை இழுக்கும்போது பிடுங்கிப் படகுக்குள் கிடத்திவிடலாம். மரம் இடைஞ்சலாக நின்றால் எந்த மீனவரும் இரண்டாம் நாள் கரையிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார், அதனால் இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

முதல் பாய் தோல்வி. கடையில் கிடந்த நீலத் தார்ப்பாயிலேயே தைத்தேன். 'வெயில் தாங்கும்' என்று சொல்லித்தான் விற்றார்கள், யார் என்பது இப்போது எதற்கு. ஏழு மாதத்தில் மடிப்பு மடிப்பாக நார் விட்டது. கயிறு கோக்கிற ஓட்டைகளுக்கு இரும்பு ரிங் போட்டிருந்தேன். மலையில் ஐந்து வருடம் நிற்கிற ரிங், கடலில் ஒரே மாதத்தில் துருப்பிடித்துத் துணியையும் தின்றுவிட்டது. இரண்டாவது பாய் பாலியஸ்டர் துணி, பாலியஸ்டர் நூல், பித்தளை ரிங். அதுதான் இன்றுவரை ஓடுகிறது.

சரி, பெட்ரோல் மிச்சமானதா? முதல் மூன்று மாதம் ஒரு சொட்டுகூட மிச்சமில்லை. அத்தான் பாயை விரித்துவிட்டு, எஞ்சினை எப்போதும்போல முறுக்கியே ஓட்டியிருக்கிறார். படகு கொஞ்சம் வேகமாகப் போயிருக்கிறது, அவ்வளவுதான். கரைக்குப் பத்து நிமிடம் முன்னால் வந்ததில் அவருக்குச் சந்தோஷம், டேங்குக்கு ஒன்றுமில்லை. பாய் இழுக்கும்போது எஞ்சின் முறுக்கைக் குறைத்து, பழைய வேகத்திலேயே ஓட்ட வேண்டும். இதை அவர் ஒப்புக்கொள்ள எனக்கு ஆறு போன் ஆனது. அதற்குப் பிறகு, காற்று வாகாக இருக்கிற நாளில் 14 லிட்டர் குடித்த இடத்தில் 11 லிட்டர். காற்று செத்த நாளில் அதே 14தான்.

'வாகு' என்றால் என்ன என்பதில் நானே ஏமாந்தேன். பின்னால் இருந்து அடிக்கிற காற்றுதான் நல்லது என்று நினைத்திருந்தேன். காற்று மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் இந்த அளவுப் பாயில் ஏறத்தாழ 20 கிலோ இழுவை கிடைக்கும். ஆனால் படகும் அதே திசையில் 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் பாய்க்குப் படுவது மிச்சம் 12தான். காற்று பாதியானால் இழுவை கால்வாசி ஆகிவிடும். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 6 கிலோ. அதனால் கச்சான் காலத்தில், மேற்கிலிருந்து காற்று வீச, நேர் கிழக்கே கடலுக்குள் போகிற படகுக்குப் பாயால் பெரிய லாபம் இல்லை. அதே காற்றில் கரையை ஒட்டி மணப்பாடு பக்கம் தெற்கே போனால் காற்று பக்கவாட்டில் வரும், பாய் விறைத்து நிற்கும். காற்று கரையிலிருந்து வருவதால் அலையும் குறைவு. மத்தியானக் கடல்காற்றில் திரும்பி வருவதும் சுகம். எதிர்காற்றுக்கு மட்டும் இது உதவாது. அடியில் கூர் இல்லாத ஃபைபர் படகு, பக்கவாட்டில் நழுவிக்கொண்டே போகும்.

வருடத்துக்கு ஒருமுறை பாய் பஸ் ஏறி மேட்டுப்பாளையம் வழியாக என்னிடம் வந்துவிடும். மேஜையில் விரித்தால் அந்த வருடக் கதை முழுக்கத் துணியில் இருக்கும். ஓர மடிப்புக்குள் செதில், கீழ்மூலையில் பெட்ரோல் வாசம், பாய்மரத்தில் உரசுகிற இடத்தில் ஒரு சாண் நீளத்துக்குத் துணி பஞ்சாகியிருக்கும். 2023இல் பின்ஓரத் தையல் மட்டும் முழுக்க நூல் நூலாக வந்திருந்தது. காற்றுப் பிடித்து நிற்கிற பாய் அப்படித் தேயாது, படபடக்கிற பாய்தான் தேயும். பசுமைக்குடில் ஷீட்டிலும் இதே கதைதான், தளர்ந்த பக்கம்தான் முதலில் கிழியும். போன் போட்டேன்.

"அத்தான், எதிர்காத்துல பாயை இறக்காமலே வந்தீங்கதானே?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "மலையில உக்காந்துக்கிட்டு உனக்கு எப்படிடா தெரியுது?"

இன்னொரு பாடம் உப்பு. கழுவாமல் வந்த பாயைக் கொடியில் போட்டால் கோத்தகிரி மூடுபனியில் நாலு நாளானாலும் காயாது. உப்பு ஈரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். வாடை மழை மாதத்தில் ஒரு தடவை அப்படியே வேலியில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் பக்கத்து வீட்டு மாடு பொறுமையாக ஒரு மூலையை நக்கிச் சப்பிக்கொண்டிருந்தது. அந்த மூலையில் போட்ட ஒட்டு இன்னும் இருக்கிறது. இப்போது வந்த அன்றே நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசிவிடுகிறேன்.

செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு: துணி, நூல், ரிங், கயிறு, கம்பு எல்லாம் சேர்த்து எனக்கு 12,000 ரூபாய் தாண்டியது. தையல் கூலி கருவாடாக வந்துவிட்டது. பாயின் கீழ்மூலையை இழுத்துப் பிடிக்கிற தாமான் கயிற்றை ஒருபோதும் முடிச்சுப் போட்டுக் கட்டாதீர்கள், கையிலேயே இருக்கட்டும். திடீரென்று காற்று ஏறினால் விட்டுவிடத் தெரிய வேண்டும், இரட்டிப்புக் காற்று என்றால் நாலு மடங்கு இழுவை. ஒருதடவை அத்தான் கட்டி வைத்துவிட்டு பீடி பற்றவைக்கத் திரும்பியிருக்கிறார். படகு சாய்ந்ததில் ஒரு ஐஸ் பெட்டியும் பாதி மீனும் கடலுக்குப் போயின. இதை அவர் சொல்லவில்லை, அக்கா சொன்னது.

இப்போது அதே பாய்தான் மேஜையில் கிடக்கிறது. காற்று கூடினால் பாயைச் சுருக்கிக் கட்ட நடுவில் ஒரு வரிசை கயிறு வைத்துத் தரச் சொல்லியிருக்கிறார் அத்தான். பீடிக் கதை எனக்குத் தெரியும் என்று அவருக்கு இன்னும் தெரியாது.