கிளென் கூல்டின் பதிவுகள்: எதிலிருந்து தொடங்கலாம்?

கனடா நாட்டுப் பியானோ கலைஞர் கிளென் கூல்ட் என்றாலே முதலில் நாற்காலிக் கதைதான் வரும். அப்பா கால்களை வெட்டி உயரம் குறைத்துக் கொடுத்த மடக்கு நாற்காலி. தரையிலிருந்து 14 அங்குலம்தான். அதில் உட்கார்ந்து, முகத்தைக் கட்டைகளுக்கு மிக அருகில் வைத்துக்கொண்டு வாசிப்பார். கோடையிலும் கோட்டு, கையுறை. வாசிக்கும் முன் கைகளை வெந்நீரில் ஊறவைப்பார். 1964இல், 31 வயதிலேயே, இனி மேடைக் கச்சேரி இல்லை என்று நிறுத்திக்கொண்டார். எல்லாம் உண்மைதான். ஆனால் இந்தக் கதைகளைக் கேட்டுவிட்டு, 'ஏதோ கிறுக்கு மேதை' என்று ஒதுங்கிப் போனவர்கள் எனக்குத் தெரிந்தே உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கூல்டின் உண்மையான விசித்திரம் அவருடைய பதிவுகளுக்குள் இருக்கிறது. அதைக் காதால் கேட்டே தெரிந்துகொள்ளலாம்.

நான் ஒலி எடிட்டிங் செய்பவன். பேச்சில் இருமலை வெட்டுவது, ஒரே பகுதியின் இரண்டு பதிவுகளை (டேக்குகளை) ஒட்டுத் தெரியாமல் சேர்ப்பது, இதுதான் என் நாள் முழுக்க வேலை. அதனால் கூல்டை நான் முதலில் மதித்தது ஒரு எடிட்டராகத்தான். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் 'வெல் டெம்பர்ட் கிளாவியர்' என்ற தொகுப்பின் முதல் புத்தகத்தில், ஏ மைனர் சுருதியில் ஃபியூக் ஒன்று இருக்கிறது. ஒரே மெட்டை ஒவ்வொரு குரலாக, அதாவது கூடவே ஓடும் தனித்தனி வரியாக, எடுத்துக்கொண்டு பின்னிக்கொண்டே போகும் அமைப்பு. அதைப் பல டேக்குகள் வாசித்ததில் ஆறாவதும் எட்டாவதும் தேறின. ஆறாவது கனமானது, விறைப்பானது. எட்டாவது துள்ளலானது. தனித்தனியாகக் கேட்டால் இரண்டுமே சலிப்புத் தட்டின. ஆனால் இரண்டின் காலப்பிரமாணமும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தது. சரி என்று தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஆறாவதை வைத்து, நடுப்பகுதிக்கு எட்டாவதை ஒட்டினார்கள். 1966இல் வெளியான கட்டுரை ஒன்றில் கூல்டே இதை வெளிப்படையாக எழுதியிருக்கிறார்.

மேடையில் ஒரே மூச்சில் வாசிப்பதுதான் நேர்மை என்று பலரும் நம்பிய காலத்தில் அவர் இதைச் சொன்னார். எனக்கு அது பெரிய துணிச்சலாகத் தெரிகிறது. ஒட்டு விழும் இடம் எது என்று தெரிந்துகொண்டே ஹெட்போனில் கேட்டேன். தொழில் பழக்கத்தில் என் காது தேடியது வெட்டைத்தான். கிடைத்தது வேறு: மெட்டு அங்கே லேசாகி, தரையை விட்டு எழும்புகிறது. இசைக்கே அந்த மாற்றம் தேவைப்பட்டதுபோல் இருக்கிறது.

அடுத்தது அவருடைய முனகல். புதிதாகக் கேட்பவர்கள் பெரும்பாலும் புகார் சொல்வது இதைப் பற்றித்தான். பியானோவுக்குப் பின்னால் யாரோ பாடுவதுபோல் கேட்கும்; அது அவரேதான். அதை அடக்கினால் வாசிப்பு கெட்டுவிடுகிறது என்பது அவர் சொன்ன விளக்கம். எடிட்டராக ஒன்று சொல்கிறேன்: இதை வடிகட்ட முடியாது. அவர் குரல் இருக்கும் அதே அலைவரிசையில்தான் பியானோவின் நடுக்குரல்களும் இருக்கின்றன. குரலை எடுத்தால் அவையும் சேர்ந்து போய்விடும். கவனித்துக் கேளுங்கள். பல இடங்களில் அவர் பாடுவது மேலே ஓடும் மெட்டை அல்ல. உள்ளே மறைந்திருக்கும் ஏதோ ஒரு வரியை. நாம் தவறவிடக்கூடிய குரல் எது என்று அந்த முனகலே காட்டிக்கொடுக்கிறது. இப்போதெல்லாம் அது கேட்காத பதிவுகளில் எனக்கு ஏதோ குறைகிறது.

தொடங்குவதற்கு எல்லோரும் பாக்கின் 'கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்' என்பார்கள். நானும் அதையே சொல்கிறேன், ஆனால் 1981 பதிவை. 1955 ஜூனில், 22 வயதில், நியூயார்க்கின் 30ஆவது தெருவில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் நடத்திய ஸ்டூடியோவில் முதல் பதிவைச் செய்தார். முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம் அது. ஆரியா என்ற தொடக்கப் பகுதி, அதன் அடிப்படையில் முப்பது மாறுபாடுகள், மறுபடி ஆரியா. மொத்தம் 38 நிமிடத்தில் முடிகிறது. விரல்கள் பறக்கின்றன. உலகப் புகழ் கொடுத்தது இந்தப் பதிவுதான். 1981இல் அதே ஸ்டூடியோவுக்குத் திரும்பிப் போய் அதே படைப்பை மறுபடி வாசித்தார். இந்த முறை 51 நிமிடம். முதல் பதிவில் இரண்டு நிமிடம்கூட எடுக்காத தொடக்க ஆரியா, இதில் மூன்று நிமிடத்தைத் தாண்டுகிறது.

அதற்காக எல்லாமே மெதுவாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். சோகம் நிறைந்த 25ஆவது மாறுபாடு இரண்டு பதிவிலுமே ஆறு நிமிடத்துக்குச் சற்று மேல்தான். 1955இல்தான் கொஞ்சம் கூடுதல். மாறியது வேகம் மட்டுமல்ல, கணக்கு. ஒரு மாறுபாட்டின் துடிப்பு அடுத்ததற்குள் ஏதோ ஒரு விகிதத்தில் நுழைகிறது. அதனால் முப்பதும் தனித்தனித் துண்டுகளாக நிற்காமல் ஒரே நடையாகின்றன. 1955 பதிவைக் கேட்டு வியக்கிறேன். 1981 பதிவோடு உட்கார்ந்திருக்கிறேன்.

வாங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு. 1981 பதிவு முதலில் டிஜிட்டலில் வெளிவந்தது. அந்தத் தொழில்நுட்பம் அப்போது இளசு. ஒலியில் ஒரு கண்ணாடித்தன்மை இருக்கும். பக்கத்திலேயே அனலாக் டேப்பும் ஓடியிருக்கிறது. 2002இல் வந்த 'எ ஸ்டேட் ஆஃப் ஒண்டர்' தொகுப்பில் அந்த டேப்பிலிருந்து எடுத்த ஒலி இருக்கிறது. அதுவே எனக்குப் பிடித்தது. கீழ்க்குரல்களுக்கு உடம்பு கிடைத்திருக்கிறது.

அப்புறம் பாக்கின் 'இன்வென்ஷன்ஸ்', 1964 பதிவு. இசை கற்கும் பிள்ளைகள் வாசிக்கும் இருகுரல், முக்குரல் சிறு பாடங்கள். ஒவ்வொரு சுருதியிலும் இருகுரலையும் முக்குரலையும் ஜோடி சேர்த்து, வரிசையையும் தானே மாற்றி அமைத்தார். அவர் காதலித்த, சிடி 318 என்ற எண் கொண்ட ஸ்டைன்வே பியானோ அப்போதுதான் அவர் விரும்பியபடி திருத்தப்பட்டிருந்தது. கட்டைகள் மிக லேசாக இறங்கும். அதன் விளைவாக நடுப்பகுதிச் சுரங்கள் சில சமயம் விக்கல்போல இரட்டையாக அடிக்கின்றன. அதை மறைக்காமல், உறைக்குறிப்பில் தானே எழுதிவிட்டு வெளியிட்டார். என் மேசைக்கு வந்திருந்தால் அந்த விக்கல்களைத் துடைத்திருப்பேன். துடைத்திருந்தால் அந்தப் பியானோவின் குணமே போயிருக்கும்.

மோட்சார்ட்டின் சொனாட்டாக்களை (பல பகுதிகள் கொண்ட பியானோ படைப்புகள்) மட்டும் முதலில் தொடாதீர்கள். மோட்சார்ட் சீக்கிரமாக அல்ல, தாமதமாகவே இறந்தார் என்று சொன்னவர் கூல்ட். அப்படியும் அத்தனை சொனாட்டாக்களையும் பதிவு செய்தார். கே 331 என்ற எண் கொண்ட சொனாட்டாவில் தொடக்க மெட்டு நின்று நின்று நகர்கிறது. பிரபலமான துருக்கிய அணிவகுப்பும் நிதானமாகவே நடக்கிறது. யோசிக்க வைக்கிறது, ஆனால் மனம் ஒட்டவில்லை. பீத்தோவனின் 'அப்பாசியோனாட்டா' சொனாட்டாவின் முதல் பகுதியும் இதே ரகம்தான். கொதிக்க வேண்டிய இசை ஆறிப்போயிருக்கிறது.

கூல்டுக்கு உணர்ச்சி கிடையாது, எல்லாம் மூளை என்பவர்களுக்கு 1960இல் பதிவான, பிராம்ஸ் எழுதிய 'இன்டர்மெட்சோ' என்ற சிறு பியானோ படைப்புகள் பத்தையும் போட்டுக் காட்டுவேன். ஓப்பஸ் (படைப்பு எண்) 118இன் இரண்டாவதைக் கேட்டால் போதும். இவ்வளவு வெதுவெதுப்பான இசையிலும் அவர் உள்குரல்களைக் கைவிடுவதில்லை. இடது கை தன் பங்கைப் பாடிக்கொண்டே இருக்கிறது.

ஆனால் நான் அடிக்கடி திரும்பிப் போவது 1971இல் வெளிவந்த பேர்ட், கிப்பன்ஸ் இசைத்தட்டுக்கு. இருவரும் பாக்குக்கு முந்தைய ஆங்கிலேய இசையமைப்பாளர்கள். பியானோ பிறப்பதற்கு முன்பே எழுதிய இசை இது. பாக்கால் பெயர் பெற்ற கூல்ட், தனக்கு மிகவும் பிடித்த இசையமைப்பாளராகச் சொன்னது ஆர்லாண்டோ கிப்பன்ஸை. சாலிஸ்பரி பிரபு பெயரில் கிப்பன்ஸ் எழுதிய பவானில் (நிதானமான பழைய நடன இசை) குரல்கள் ஒன்றையொன்று முந்தாமல், வழிவிட்டு நகர்கின்றன. ஒவ்வொரு குரலையும் தனித்தனியாக விரலால் பின்தொடரலாம்போல் இருக்கிறது. சத்தத்தைக் கூட்ட வேண்டாம். மைக் பியானோவுக்கு மிக அருகில் இருந்திருக்கிறது, குறைந்த ஒலியிலேயே எல்லாம் கேட்கும். முதலில் பவான், உடனே அதன் ஜோடியான, துடிப்பான நடன இசை காலியார்ட். இரண்டையும் பிரிக்காமல் கேளுங்கள்.